பதிவில் போட்ட பதிமூன்று

போன மாதம் கம்பெனியில் இருந்து போன் வந்தது. வெப்சைட்டைப் பிரித்துப் புதிதாகக் கட்டுகிறார்களாம். எதைத் தேதி போட்ட பதிவாகப் போடுவது, எதை நிலையான பக்கமாக வைப்பது என்று கேட்டார்கள். இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டேன். அதையே எழுதிக் கொடுத்தால் சர்வீஸ் ஆட்களுக்கு எல்லாம் அனுப்பலாம் என்றார்கள். எனக்கு எழுத்து வராது. எட்டாவதோடு நின்றவன். ஆனால் இதில் என் தவறு ஒன்று இருக்கிறது. அதை அடுத்தவர் எழுதினால் சரியாக வராது. அதனால் நானே எழுதுகிறேன்.

என் பெயர் ரங்கசாமி. கோயமுத்தூரில் பம்பு மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்றில் முப்பத்து நான்கு வருஷம் இருந்தேன். முதல் ஆறு வருஷம் அசெம்பிளியில். அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் வெளி சர்வீஸ். பைப் தூக்கித் தூக்கி முதுகு போனது. இனி எடை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனி என்னைச் சர்வீஸ் ஆபீஸில் போன் எடுக்க உட்கார வைத்தது. வேலை கற்றுக்கொண்ட கதை இவ்வளவுதான்.

சர்வீஸ் மேனேஜர் வசந்தாமணி மேடம். என்னைவிடப் பத்து வயது இளையவர். இன்ஜினியர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. மேஜை மேல் ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருக்கும். எந்தக் காகிதம் வந்தாலும் ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, வாய்விட்டுப் படிப்பார். ஒரு வரி முடிந்தால் ஸ்கேல் ஒரு வரி இறங்கும். சந்தேகம் வந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி இருக்கும் காகிதத்தில் கையெழுத்து விழாது. நாம் எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரு கேள்வி உண்டு.

"நீங்க பாத்தீங்களா, கேட்டீங்களா?"

கேட்டேன் என்று சொன்னால் காகிதம் திரும்பி வந்துவிடும். போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

போனில் விவசாயிகள் கேட்பது எல்லாம் திரும்பத் திரும்ப அதே பத்து இருபது கேள்விகள்தான். மோட்டாரை இறக்கும் முன் தண்ணீர் ஊற்ற வேண்டுமா. எந்தக் கலர் ஒயர் எங்கே. கேபிள் எத்தனை மீட்டர். நான் சொல்லும் பதிலை மேடம் நாலு நாள் பக்கத்தில் நின்று கேட்டார். ஐந்தாம் நாள், இதை எல்லாம் தமிழில் வெப்சைட்டில் எழுதுங்கள் என்றார். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்றேன். கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்கு மோட்டார் தெரியவில்லை என்றார். 

காந்திபுரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது வெப்சைட் செய்து கொடுத்த ஆபீஸ். ஒரு மத்தியானம் அங்கே உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். எனக்கு அவர்கள் காட்டிய திரையில் இரண்டு பட்டன். ஒன்று 'பதிவு'. இன்னொன்று 'பக்கம்'.

பதிவு என்றால் தேதியோடு வரும். புதியது மேலே உட்காரும். முன்பு போட்டது ஒரு படி கீழே போகும். பக்கம் என்றால் தேதி கிடையாது. போட்ட இடத்தில் நிற்கும். நாமாக மாற்றினால்தான் மாறும். பதிவு போட எனக்கு அனுமதி இருந்தது. பக்கத்தைத் திறக்கும் பாஸ்வேர்டு மேடத்திடம் மட்டும்.

அதற்குக் காரணம் இருந்தது. நான் வருவதற்கு முன் ஒருவர், ஒயர் கலர் போட்டிருந்த பக்கத்தைச் சாப்பாட்டு நேரத்தில் திறந்து எழுத்துப்பிழை திருத்தியிருக்கிறார். திருத்தும்போது இரண்டு வரி இடம் மாறிவிட்டது. அந்த மாதம் பல இடத்தில் மோட்டார் தலைகீழாகச் சுற்றியது. தண்ணீர் ஏறவில்லை. அன்றிலிருந்து மேடம் ஒரு வழக்கம் வைத்தார். பக்கத்தை மாற்றுவது மாதத்தின் முதல் திங்கட்கிழமை மட்டும். மாற்ற வேண்டியதை லிஸ்டாக எழுதி, டிசைன், டெஸ்டிங், சர்வீஸ் மூன்று பேரும் கையெழுத்துப் போட்ட பிறகு. நல்ல வழக்கம். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

எதைப் பதிவாகப் போடுவது, எதைப் பக்கமாக வைப்பது என்பது எனக்கு உடனே பிடிபடவில்லை. முதல் வருஷம் மோட்டாரில் தண்ணீர் நிரப்பும் முறையைப் பதிவாகப் போட்டேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்று டீலர்கள் சொன்னார்கள். இரண்டு வாரத்தில் அது கீழே போய்விட்டது. மறுபடி போன். மறுபடி அதே கேள்வி. மேடம் அதைப் பக்கமாக மாற்றினார். அந்தக் கேள்வி குறைந்தது.

இன்னொரு தடவை அதற்கு நேர்மாறு. ஆயுத பூஜைக்கு மூன்று நாள் சர்வீஸ் கிடையாது என்று ஒரு அறிவிப்பு. எல்லோரும் பார்க்க வேண்டுமே என்று, திங்கட்கிழமை லிஸ்டில் சேர்த்துப் பக்கமாகப் போட வைத்தேன். எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. தை மாதம் தாராபுரம் பக்கமிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார்.

"ஏனுங்க, உங்க கம்பெனில இன்னும் ஆயுத பூஜ முடியலீங்களா? பொரியாச்சும் தீந்துச்சுங்களா?"

மேடத்திடம் அப்படியே சொன்னேன். அவர் சிரித்து நான் பார்த்தது இரண்டு மூன்று தடவைதான். அது ஒன்று. சிரித்து முடித்துவிட்டுப் பாஸ்வேர்டு போட்டு அந்தப் பக்கத்தை எடுத்தார். முதல் திங்கட்கிழமை இல்லையே என்றேன். எடுப்பது வேறு, மாற்றுவது வேறு என்றார்.

இப்படி இரண்டு அடி பட்டதில் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். இன்றைக்குக் கேட்பது பதிவு. எப்போதும் கேட்பது பக்கம். இது போதும் என்று நினைத்தேன். போதவில்லை.

நடந்ததைச் சொல்வதற்கு முன் ரிலே என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

போர்வெல் மோட்டார் குழிக்குள் எழுநூறு அடி, எண்ணூறு அடியில் நின்று ஓடுவது. மேலே ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். பேனல் போர்டு என்போம். அதற்குள் ரிலே. மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் ரிலே வெட்டிவிடும். எந்த அளவில் வெட்ட வேண்டும் என்பதை ஒரு சின்னத் திருகில் எண் பார்த்து வைக்க வேண்டும். எண் குறைந்தால் மோட்டார் சும்மா சும்மா நிற்கும். கூடினால் வெட்டவே வெட்டாது. மோட்டார் கருகும்.

எந்த மோட்டாருக்கு எந்த எண் என்பது எங்கள் வெப்சைட்டில் ஒரு பக்கம். அதிகம் பேர் பார்த்த பக்கம் அதுதான். கிராமத்து மெக்கானிக்குகள் அதைக் கம்ப்யூட்டர் சென்டரில் பிரிண்ட் எடுப்பார்கள். மோட்டார் இறக்கும் அன்று பூஜை போட்டு, பெட்டிக் கதவுக்கு உள்பக்கம் அந்தக் காகிதத்தை ஒட்டி, அதற்கும் சேர்த்துக் குங்குமம் வைத்துவிடுவார்கள். பொள்ளாச்சிப் பக்கமும் அப்படி, ஈரோட்டுப் பக்கமும் அப்படி. நான் போன இடமெல்லாம் என் எழுத்து பெட்டிக்குள் ஒட்டியிருக்கும். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

நான் ஓய்வு பெறுவதற்கு ஒன்றரை வருஷம் முன்பு, ஏழரை குதிரைத் திறன் மோட்டாரின் உள்ளே சுற்றியிருக்கும் கம்பியை மாற்றினார்கள். வெளியில் பார்க்க அதே மோட்டார். அதே பெயர். கரண்ட் மட்டும் குறைவாக இழுக்கும். அதனால் ரிலே எண் பதினைந்தில் இருந்து பதிமூன்று ஆனது. டிசைனில் இருந்து காகிதம் எனக்கு வந்தது மாதத்தின் இரண்டாம் வாரம். முதல் திங்கட்கிழமை போயிருந்தது. அடுத்ததற்கு மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது. மோட்டார் வெளியே போக ஆரம்பித்துவிட்டது.

காத்திருக்க வேண்டாம் என்று நான் அன்றைக்கே பதிவாகப் போட்டேன். 'ஏழரை குதிரைத் திறன் புதிய மோட்டாருக்கு ரிலே பதிமூன்றில் வைக்கவும்.' தேதியோடு மேலே வந்து நின்றது. கீழே ஒரு டீலர் 'வாழ்த்துகள்' என்று எழுதினார். அவர் படித்தாரா என்று தெரியாது.

போட்டாச்சு என்ற நினைப்பு எனக்கு. திங்கட்கிழமை லிஸ்ட் எழுதும்போது அந்தப் பதிமூன்று ஞாபகத்துக்கு வரவில்லை. வந்திருந்தால் எழுதியிருப்பேன். வேலை முடிந்துவிட்டது என்று மனசு அதைக் கீழே வைத்துவிட்டது. அடுத்த வாரம் விவசாயக் கண்காட்சி. எங்கள் ஸ்டால் போட்டோ நாளுக்கு நாலு ஐந்து பதிவு. மேனேஜிங் டைரக்டர் ரிப்பன் வெட்டியது ஒன்று. கல்லூரிப் பிள்ளைகள் வந்தது ஒன்று. ஒவ்வொன்றாக நானே போட்டேன். ஒவ்வொன்று போடும்போதும் பதிமூன்று ஒரு படி இறங்கியது. பக்கத்தில் பதினைந்து அப்படியே நின்றது.

பங்குனியில் பொள்ளாச்சிக்குத் தெற்கே இருந்து ஒரு கியாரண்டி கிளெய்ம் வந்தது. கருகிய மோட்டார். வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தோட்டத்துச் சொந்தக்காரர் பெயர் துளசிமணி. இரண்டு ஏக்கரில் சின்ன வெங்காயம். அந்த ஏரியா சர்வீஸ் ஆள் போய், மோட்டாரை மேலே எடுக்க வைத்துப் பார்த்து எழுதியிருந்தார். மோட்டார் பிளேட்டில் பதிமூன்று என்று அடித்திருக்கிறது. பெட்டியில் ரிலே பதினைந்தில் இருக்கிறது. தோட்டக்காரர் தவறாக வைத்திருக்கிறார். கியாரண்டி செல்லாது.

அப்படி எழுதி வந்தால் மறுப்பதுதான் வழக்கம். மேடம் ஸ்கேலை வைத்துப் படித்தார். புள்ளி வைக்க ஒன்றும் இல்லை. 'மறுக்கப்படுகிறது' என்று பென்சிலால் எழுதி, மையில் எழுதக் காகிதத்தை ஓரமாக வைத்தார். மையெழுத்து மத்தியானத்துக்கு மேல்தான். அது அவர் வழக்கம்.

அந்தக் காகிதத்தோடு நாலு போட்டோ வந்திருந்தது. பைலில் கோர்ப்பதற்காக நான் எடுத்தேன். மூன்றாவது போட்டோவில் பெட்டிக் கதவு திறந்திருந்தது. உள்பக்கம் ஒரு பிரிண்ட் ஒட்டியிருந்தது. குங்குமம் வைத்திருந்தார்கள். எழுத்து மங்கல். ஆனால் அந்தக் கட்டமும் வரியும் எனக்குத் தெரியும். நான் எழுதியது.

அப்போதுதான் லிஸ்ட் ஞாபகம் வந்தது.

போனில் எங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பதினைந்து.  ரூமில் வேறு யாரும் அந்தப் போட்டோவைக் கவனிக்கவில்லை. நான் கோர்த்து வைத்துவிட்டால் அது அப்படியே பைலுக்குள் போய்விடும். அதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை எழுதியதற்கு அர்த்தம் இல்லை. பேசாமல் கோர்த்து வைத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. கொஞ்ச நேரம்தான். வந்தது.

மேடத்திடம் போய், இந்தக் கிளெய்மை நான் ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்றேன். முதுகு தாங்குமா என்று கேட்டார். பஸ்ஸில்தான் போகிறேன் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்பவரை அவர் தடுத்ததில்லை. காகிதத்தை மறுநாளைக்குத் தள்ளி வைத்தார்.

உக்கடத்தில் பஸ் ஏறிப் பொள்ளாச்சி. அங்கிருந்து டவுன் பஸ். இறங்கி ஒன்றரை மைல் நடை. தோட்டத்தில் வெங்காயம் நாற்பது நாள் பயிர். பாதிக்கு மேல் தாள் நுனி பழுத்து மடங்கிக் கிடந்தது. வரப்புக்குக் கிழக்கே பாதி மட்டும் பச்சையாக இருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் இருந்து ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் தண்ணீர் விடுகிறார்களாம். இரண்டு ஏக்கருக்கும் விட்டால் இரண்டுமே போய்விடும் என்று பாதியைக் கைவிட்டிருந்தார்.

துளசிமணிக்கு நாற்பது வயது இருக்கும். வீட்டுக்காரர் லாரியில் வடக்கே போயிருந்தார். தோட்டம் முழுக்க அந்த அம்மாவின் பொறுப்பு. கம்பெனியில் இருந்து வருகிறேன் என்றதும் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். குடிக்க மட்டும்தான் இருக்கிறது என்றும் சொன்னார்.

பெட்டியைத் திறந்து காட்டினார். பிரிண்டின் அடியில் எங்கள் வெப்சைட் பெயர் இருந்தது. என்றைக்கு எடுத்தது என்று காகிதத்தில் எங்கும் இல்லை. எங்கள் பக்கத்தில் தேதி கிடையாதே. கேட்டேன். மோட்டார் இறக்கும் அன்று காலையில் மெக்கானிக் எடுத்து வந்தார் என்றார். அதாவது நான் பதிவு போட்டு ஐந்து வாரத்துக்குப் பிறகு, அந்தத் திங்கட்கிழமையும் தாண்டி.

"முன்னால வந்தவரு நான் தப்பா வெச்சுட்டேன்னு எழுதீட்டுப் போனாருங்க. உங்க பேப்பர்ல பாத்துத்தானுங்க வெச்சோம். வேற எதப் பாக்கோணும்னு சொல்லுங்க, அதப் பாக்கறேன்."

"மோட்டார் பிளேட்டுல பதிமூணுன்னு இருக்குதுங்க அம்மணி" என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது.

"அது எழுநூறு அடிக்குக் கீழ இருந்துச்சுங்க. எட்டிப் பாத்தேன், தெரியல."

நான் காகிதத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். மோட்டாரோடு அட்டைப் பெட்டிக்குள் வந்த விவரச் சீட்டைக் கேட்டேன். அது டீலர் கடையிலேயே பில்லோடு நின்றுவிட்டது. கியாரண்டி கிடைக்குமா என்று அவர் கேட்டார். மேடத்திடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் வெங்காயத்தைக் காட்டினார். சீக்கிரம் பேசுங்கள் என்றார்.

மறுநாள் காலை மேடத்தின் முன் நின்றேன். அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"பாத்தேனுங்க மேடம். பதினஞ்சு நம்ம பக்கத்துல இருந்து எடுத்தது. அவங்க மேல தப்பு இல்ல."

"பக்கத்துல பதிமூணு ஆகலையா?"

"ஆகலீங்க. நான் பதிவுல போட்டேன். திங்கக்கெழம லிஸ்ட்டுல எழுதல."

"ஏன்?"

"பதிவு போட்டதுல வேல முடிஞ்சுதுன்னு நெனச்சுட்டேன்."

 மேடம் தன் போனை எடுத்து, ஒரு தோட்டக்காரர் தேடுவது போல மோட்டார் பெயரையும் ரிலே என்ற வார்த்தையையும் போட்டார். எங்கள் பக்கம் முதலில் வந்தது. பதினைந்து. பதிவு வரவில்லை. பிறகு வெப்சைட்டுக்குள் போய்ப் பதிவுகளைக் கீழே தள்ளிக்கொண்டே போனார். ரிப்பன். ஸ்டால். கல்லூரிப் பிள்ளைகள். ஒவ்வொரு தலைப்பையும் வாய்விட்டுப் படித்தார். இருபத்திரண்டாவதாகப் பதிமூன்று வந்தது. அதையும் படித்தார். அடியில் இருந்த 'வாழ்த்துகள்' என்பதையும் படித்தார்.

அந்த நேரம் டிசைன் மேனேஜர் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, நாம் அறிவித்துவிட்டோம், பதிவில் தேதியே இருக்கிறது, பிளேட்டிலும் அடித்திருக்கிறோம், பார்க்காதது அவர்கள் பாடு என்றார். இந்த ஒன்றைக் கொடுத்தால் எல்லோரும் வருவார்கள் என்றும் சொன்னார்.

"பிளேட் எங்க இருக்குதுங்க சார்?" என்று மேடம் கேட்டார்.

"மோட்டார்ல."

"மோட்டார்?"

 மேடம் ஸ்கேலை எடுத்து வைத்து, பென்சிலில் எழுதியிருந்த 'மறுக்கப்படுகிறது' என்பதை ஒரே கோடாக அடித்தார். மாற்று மோட்டார் தரவும் என்று மையில் எழுதினார். அப்போது காலை பத்து மணி. அவர் மத்தியானத்துக்கு முன் மையில் எழுதி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு என்னிடம் ஒரு வெள்ளைத் தாள் கொடுத்து, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். எழுதினேன். எட்டு வரி வந்தது. படித்தார். என் கையெழுத்துக்குக் கீழே அவரும் இரண்டு வரி எழுதினார். மாதத்தில் ஒரு நாள் மட்டுமே பக்கத்தை மாற்றலாம் என்ற விதி என்னுடையது, அவசரத்துக்கு வழி வைக்கவில்லை, அது என் பிழை என்று. அவரும் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாள் என் பைலுக்குள் போனது. இன்னும் அங்கேதான் இருக்கும்.

அன்று வியாழக்கிழமை. டிசைன் மேனேஜர் அங்கேயே நின்றுகொண்டு கையெழுத்துப் போட்டார். டெஸ்டிங்கில் இருந்து ஆள் வந்தார். அரை மணி நேரத்தில் பக்கம் மாறியது. எந்தச் சீரியல் நம்பர் வரை பதினைந்து, எதிலிருந்து பதிமூன்று என்று இரண்டையும் போட்டோம். பழைய மோட்டார் வைத்திருப்பவர்களும் அதே பக்கத்தைத்தானே பார்ப்பார்கள். பக்கத்தின் தலையில், எழுத்துக்கு முன்னாலேயே, கடைசியாகச் சரிபார்த்த தேதி. பிரிண்ட் எடுத்தால் தேதியும் சேர்ந்து வரும். பதிவில் இனி எண் போடக் கூடாது. 'ரிலே எண் மாறியிருக்கிறது, இந்தப் பக்கத்தைப் பாருங்கள்' என்று மட்டும் போட்டு, தொட்டால் பக்கத்துக்குப் போகும்படி வைக்க வேண்டும். பக்கம் மாறிய பிறகுதான் பதிவு. முன்னால் இல்லை.

போன மாதம் போனில் கேட்டபோது நான் சொன்னது இதைத்தான். இதோடு முடிந்திருந்தால் இரண்டு நிமிடம் சரிதான்.

அதற்குள் புதிய மோட்டார் நாற்பத்தொன்று வெளியே போயிருந்தது. டீலர்களிடம் விலாசம் வாங்கினேன். ஈரோட்டுப் பக்கத்துக்கு இன்னொரு ஆள் போனார். கோயமுத்தூர், பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் நான் போனேன். மேடம் வண்டி தருகிறேன் என்றார். டவுன் பஸ் போகாத ஊருக்கு மட்டும் எடுத்துக்கொண்டேன். பத்தொன்பது பெட்டியில் பதினைந்து ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருக அரை நிமிடம் ஆகும். காகிதத்தைச் சுரண்டி எடுத்துப் புதியதை ஒட்டப் பத்து நிமிடம். சில தோட்டங்களில் குங்குமம் வைத்த காகிதத்தைக் கிழிக்கக் கூடாது என்றார்கள். அங்கே அதன் மேலேயே ஒட்டினேன். ஒரு தோட்டத்தில் மட்டும் பதிவைப் பார்த்துப் பதிமூன்று வைத்திருந்தார்கள். அவர்கள் பையன் கண்காட்சி போட்டோவில் தன்னைத் தேடிக் கீழே போயிருக்கிறான்.

துளசிமணிக்குப் போன மாற்று மோட்டாரை இறக்கப் பதினொரு நாள் ஆனது. வெயில் காலத்தில் மோட்டார் இறக்கும் வண்டி கிடைக்காது. நான் அன்றைக்குப் போயிருந்தேன். கைவிட்ட பாதி வெங்காயத்தை மாட்டுக்கு விட்டிருந்தார்கள். கிழக்குப் பாதி நின்றிருந்தது. மோட்டார் இறங்கித் தண்ணீர் வந்தது. முதலில் கலங்கல், பிறகு தெளிவு. ரிலேயை நானே பதிமூன்றில் வைத்துப் புதிய காகிதத்தை ஒட்டினேன்.

அப்புறம், அந்தப் பழைய காகிதத்தை எழுதியது நான்தான், மாற்ற மறந்ததும் நான்தான் என்று அவரிடம் சொன்னேன். கம்பெனியில் சொல்லச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று இருந்தது.

அவர் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. புதிய காகிதத்தை மேலிருந்து கீழ் வரை படித்தார். பிறகு கேட்டார்.

"இந்தப் பதிமூணு இன்னொருக்கா மாறுனா எனக்கு எப்படீங்க தெரியும்?"

பக்கத்தின் தலையில் தேதி இருக்கும், அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

"நான் வெங்காயம் பாக்கறதுங்களா, உங்க தேதியப் பாத்துட்டு உக்காந்திருக்கறதுங்களா? மாத்தறது நீங்க. நீங்கதானுங்க வந்து சொல்லோணும்."

 பதிவா, பக்கமா என்று இரண்டு வருஷமாக நாங்கள் பேசிக்கொண்டிருந்தது எல்லாம், தேடி வருகிறவருக்காக மட்டும். அவர் தேடி வரப்போவதில்லை. அவர் வர வேண்டியதும் இல்லை.

அவர் போன் நம்பரைக் கேட்டு, கையில் இருந்த நோட்டில் எழுதிக்கொண்டேன். ஆபீஸுக்கு வந்து அந்த நோட்டை மேடத்திடம் காட்டினேன். முதல் வரியில் துளசிமணி பெயர், ஊர், மோட்டார் சீரியல் நம்பர், போன் நம்பர். இதே போல எல்லா மோட்டாருக்கும் டீலரிடம் வாங்கலாம் என்றேன். எண் மாறினால் பக்கத்தை மாற்று, பதிவு போடு, பிறகு இந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் போன் போடு. மேடம் ஸ்கேலை வைத்து அந்த ஒரு வரியைப் படித்தார். சரி என்றார். இப்போது அது கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. வெப்சைட்டைப் பிரிக்கிறவர்கள் எதைப் பிரித்தாலும் அதை மட்டும் பிரிக்க வேண்டாம்.

நான் ஓய்வு பெறுவதற்கு நாலு மாதம் முன்பு அந்த மோட்டாருக்கு மறுபடி ஒரு மாற்றம் வந்தது. கேபிள் நீளம் அதிகமாக இருக்கும் இடத்தில் மட்டும் பதினாலு வைக்க வேண்டும். பக்கம் மாறியது. பதிவு போட்டேன். நோட்டை எடுத்தேன். முதல் போன் துளசிமணிக்கு. அவர் மோட்டார் எழுநூறு அடியில்.

யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. பதினாலு என்றதும், பெட்டிக்குப் போகிறேன், இருங்கள் என்றார். அவர் நடந்து போவது போனில் கேட்டது. பெட்டிக் கதவு திறக்கும் சத்தம். மோட்டார் நின்றது. மறுபடி ஓடியது.

"பதினாலு வெச்சாச்சுங்க. வெங்காயத்துக்குத் தண்ணி பாஞ்சுட்டு இருக்குது, மடை திருப்போணும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.